ஆங்கிலம் சரளம், எழுத்தில் தேக்கம்: இங்கிலாந்தில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் எல்லாப் பெற்றோருக்கும் ஒரே கவலைதான்: பிள்ளைக்கு இங்கிலீஷ் பிடிபடுமா? ஒரு வருடம், ஒன்றரை வருடம் போகும். பிறகு பார்த்தால் பிள்ளை உள்ளூர்ப் பிள்ளைகளின் உச்சரிப்பிலேயே வாய்ச்சண்டை பிடிக்கும். டாக்டரிடம் போனால் நமக்கே மொழிபெயர்க்கும். சரி, இனிப் பயமில்லை என்று விட்டுவிடுவோம். நாலைந்து வருடம் கழித்து, எட்டாம் ஆண்டிலோ ஒன்பதாம் ஆண்டிலோ, பள்ளி அறிக்கையில் 'இன்னும் விரிவாக எழுத வேண்டும்' என்ற வரி திரும்பத் திரும்ப வரத் தொடங்கும். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை வசனக் கணக்கில் கோட்டை விடும். வாயால் கேட்டால் எல்லாம் சொல்லும், தாளில் இரண்டு வரியோடு நிற்கும்.

இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைகளைப் பற்றியது. ஆங்கிலமே தெரியாமல் நேற்று வந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடங்களில் ஏதோ ஓர் ஏற்பாடு இருக்கும். சரளமாகக் கதைக்கும் பிள்ளையைத்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அதன் குறை காதுக்குக் கேட்காது. பெற்றோருக்கு என்றுதான் எழுதுகிறேன். புதிதாக வகுப்பறை உதவியாளராகச் சேர்ந்தவர்களுக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளில் படிப்பிக்கிறவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஏன் இப்படி ஆகிறது

கனடாவில் பணியாற்றிய ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் 1979இல் ஒரு வேறுபாட்டை எடுத்துச் சொன்னார். அன்றாடம் கதைக்கிற மொழி வேறு, பாடம் படிக்கிற மொழி வேறு. முதலாவது வர ஏறத்தாழ இரண்டு வருடம் போதும். இரண்டாவதில் வகுப்பில் உள்ள மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் வரை ஆகலாம்.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு ஆராய்ச்சி தேவையில்லை. 'மழை வந்து ரோட்டெல்லாம் வெள்ளம்' என்று சொல்லும் அதே வாய்க்காரர், இலங்கையில் பதினாறு வயதில் எழுதும் ஓ.எல். பரீட்சைத் தாளில் 'தாழ்நிலப் பகுதிகளில் நீர் தேங்கியமையால் போக்குவரத்துப் பாதிக்கப்பட்டது' என்று எழுதினார். வீட்டில் அம்மா அப்படிக் கதைத்தாரா? சந்தையில் யாராவது கதைத்தார்களா? பத்து வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்து, புத்தகமும் பேப்பரும் வாசித்து, கட்டுரை எழுதித் திருத்தம் வாங்கி வந்தது அது. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் அந்த முதல் வரியைப் பிடித்துவிட்டார்கள். இரண்டாவது வரிக்குத்தான் ஆள் வேண்டும்.

பணக்கணக்கும் இதற்கு எதிராக இருக்கிறது. இங்கிலாந்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு மாணவர் வீட்டில் வேறு மொழி கேட்டு வளர்கிறவர். அவர்களுக்கென்று பள்ளிக்குக் கிடைக்கும் மேலதிக நிதி, பிள்ளை இங்கே பள்ளிக்கூடத்துக்குள் வந்து மூன்று வருடம் வரைதான் கணக்கில் சேரும். மொழிக்கு ஐந்தோ ஏழோ வருடம், காசுக்கு மூன்று வருடம். இடையில் விழுகிற பிள்ளைதான் நம்முடைய பிள்ளை.

முதலில், பிள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஒரு மாலை நேரம் போதும். பரீட்சை மாதிரி ஆக்கிவிடாதீர்கள், சும்மா கதைபோலச் செய்யுங்கள்.

பள்ளிப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். கடகடவென்று வாசித்தால் அதில் மயங்க வேண்டாம். இங்கே முதலாம் ஆண்டில் ஒலிப்பு வாசிப்புச் சோதனை ஒன்று உண்டு. 40 சொற்கள், அதில் பாதி அர்த்தமே இல்லாத பொய்ச் சொற்கள். எழுத்தைப் பார்த்து ஒலியைச் சொல்லத் தெரிகிறதா என்று பார்க்க அப்படி வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் பலர் அதில் முழுப் புள்ளி வாங்குவார்கள். ஆகவே சத்தம் போட்டு வாசிப்பது ஒரு திறமை, விளங்குவது இன்னொன்று. வாசித்து முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, 'இதில் என்ன சொல்லியிருக்கு?' என்று கேளுங்கள். தமிழில் சொன்னாலும் சரி. பிறகு பக்கத்தில் உள்ள இணைப்புச் சொற்களைத் தொட்டுக் காட்டுங்கள்: 'ஹவெவர்', 'தேர்ஃபோர்', 'அன்லெஸ்', 'ஓல்தோ'. 'இந்தச் சொல் இங்கே ஏன் வந்தது? எடுத்துவிட்டால் என்ன ஆகும்?' பெரிய பெரிய விஞ்ஞானச் சொற்களையெல்லாம் சொன்ன பிள்ளை இங்கே திணறும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கண்ணால் காட்ட முடியாத இடத்தில் வைத்து ஒன்றை விளக்கச் சொல்லுங்கள். காரில் போகும்போது வசதி. கையை ஆட்டி, 'அது, இது, அந்தச் சாமான்' என்று சமாளிக்க முடியாது. ஃபோனில் அம்மம்மாவுக்குச் சொல்வதும் நல்லதுதான்.

கடைசியாக எழுத்துக் கொப்பி. ஒரே பாடத்தில் மூன்று நாலு பக்கம் பாருங்கள். வசனங்கள் எல்லாம் ஒரே நீளமா? 'அண்ட் தென்', 'அண்ட் தென்' என்று கோத்துக்கொண்டே போகிறதா? ஆசிரியர் பச்சை மையில் என்ன எழுதியிருக்கிறார், அதற்குப் பிள்ளை ஏதாவது பதில் எழுதியிருக்கிறதா?

இதில் ஒரு விஷயம் முக்கியம். தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டிலுமே பிள்ளை கதை கோத்துச் சொல்லத் தடுமாறினால், சொன்னதை இரண்டு மொழியிலும் மறந்துவிட்டால், அது மொழிப் பிரச்சினையாக மட்டும் இருக்காது. பள்ளியின் விசேட தேவை ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். அதற்கு மறுபக்கமும் உண்டு: வீட்டு மொழி வேறு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறது என்று சொல்லக்கூடாது. 2014ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் குடும்பங்கள் சட்டத்திலேயே அது இருக்கிறது.

பள்ளிப் பதிவில் என்ன எழுதியிருக்கிறது?

சேர்க்கும்போது நிரப்பிய படிவத்தில் முதல் மொழி என்ற இடத்தில் பல பெற்றோர் 'இங்கிலீஷ்' என்று எழுதிவிடுவார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைக் கீழ் வகுப்பில் போட்டுவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் விளங்குகிறது, ஆனால் எழுதவேண்டியது தமிழ்தான். பிள்ளை வீட்டில் கேட்டு வளரும் மொழி எது என்பதுதான் அந்தக் கேள்வி. ஆங்கிலம் என்று எழுதினால், பிற்காலத்தில் பிள்ளை எழுத்தில் தேங்கும்போது ஆசிரியர் மொழியைப் பற்றி யோசிக்கவே மாட்டார். 'சோம்பல்', 'கவனமில்லை' என்று வேறு காரணம் தேடுவார். லண்டனில் ஹரோ, டூட்டிங், ஈஸ்ட் ஹாம் பக்கம் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதால் பள்ளிகளுக்குப் பழக்கம். வெளி ஊர்களில் 'ஸ்ரீலங்கன்' என்றே ஒரு மொழி பதிவில் கிடக்கும். அலுவலகத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள், இரண்டு நிமிட வேலை.

ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பாரிஸிலோ சூரிச்சிலோ ஒஸ்லோவிலோ சில வருடம் இருந்து லண்டனுக்கு இடம்பெயர்ந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்தப் பிள்ளை ஜெர்மனிலோ பிரெஞ்சிலோ நாலு வருடம் எழுதிப் படித்திருந்தால் அது பெரிய சொத்து. ஒரு மொழியில் கட்டுரை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு 'வாதம், ஆதாரம், முடிவு' என்ற அமைப்பைத் திரும்பச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பள்ளிக்கு அதைச் சொல்லுங்கள், பழைய அறிக்கையைக் காட்டுங்கள். பின்னால் அதே மொழியில் ஜி.சி.எஸ்.இ. (பதினாறு வயதில் எழுதும் பொதுப் பரீட்சை) எழுதுவிக்கலாமா என்றும் கேளுங்கள்.

பெற்றோர் சந்திப்பில் கேட்கவேண்டியவை

ஓர் ஆசிரியருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். 'நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை' என்று சொல்லிச் சிரிப்பார். நாமும் தலையாட்டிச் சிரித்துவிட்டு வந்துவிடுவோம். அமைதி என்பதை நாம் பாராட்டாக எடுத்துக்கொள்கிறோம். இங்கே வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைக்கு அந்த மொழியில் யோசித்துப் பழக வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஆகவே முதல் கேள்வி: 'வகுப்பில் கை தூக்குமா? ஒரு சொல்லில் பதில் சொல்லுமா, முழு வசனமாகச் சொல்லுமா?'

அடுத்து, 'ஆங்கிலத் தேர்ச்சி எந்தப் படியில் இருக்கிறது?' என்று கேளுங்கள். ஆங்கில எழுத்தில் ஏ (A) முதல் ஈ (E) வரை ஐந்து படிகள் உண்டு. ஏ என்றால் புதிதாக வந்தவர், ஈ என்றால் சரளம். 2016 இலையுதிர் காலம் முதல் இதை எல்லாப் பள்ளிகளும் அரசுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. 2018இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். இன்றும் பல பள்ளிகள் பெல் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை இலவசமாகத் தரும் மதிப்பீட்டுச் சட்டகத்தை வைத்து இந்தப் படியைப் போடுகின்றன. கேட்பது, பேசுவது, வாசிப்பது, எழுதுவது என்று அதில் தனித்தனியாகப் பார்க்கலாம். பேச்சில் ஈ, எழுத்தில் சி என்று வந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம். நாம் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையின் அடையாளமே அதுதான். மொத்தமாக ஒரே எழுத்தைச் சொல்லி முடித்தால், 'எழுத்துக்கு மட்டும் தனியாக என்ன?' என்று பணிவாகத் திரும்பக் கேளுங்கள்.

மூன்றாவது: 'இந்தப் பாடத்தில் முழுப் புள்ளி வாங்கிய ஒரு பதிலை, பெயரை மறைத்துவிட்டு, பிள்ளைக்குக் காட்ட முடியுமா?' இந்தக் கேள்விக்குத்தான் பலன் அதிகம். நல்ல பதில் எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது பார்க்காத பிள்ளையிடம் 'விரிவாக எழுது' என்று சொல்லிப் பயனில்லை.

பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தாதீர்கள். அதன் குறையை அதன் வாயாலேயே மொழிபெயர்க்கச் சொல்வது பாவம். தவிர, எடிட் செய்துதான் சொல்லும். முன்கூட்டியே சொன்னால் சில பள்ளிகள் ஆள் ஏற்பாடு செய்யும். இல்லாவிட்டால் தெரிந்த அக்கா யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

வீட்டில் தமிழ், ஆனால் கனமான தமிழ்

'வீட்டிலும் இங்கிலீஷே கதையுங்கோ' என்று இன்றைக்கும் சிலர் அறிவுரை சொல்கிறார்கள். பள்ளி வாசலைத் தாண்டும்போது பிள்ளை தன் வீட்டு மொழியைக் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக்கூடாது என்று 1975இலேயே பிரிட்டிஷ் அரசு அமைத்த புல்லக் குழு எழுதிவிட்டது. நமக்கு அரைகுறையாக வரும் ஆங்கிலத்தில் 'ஈட், ஸ்லீப், ஹோம்வேர்க் ஃபினிஷ்' என்று மட்டும் கதைத்தால், பிள்ளைக்குக் கிடைப்பது மெலிந்த ஆங்கிலமும் இல்லாத தமிழும்தான். யோசனை ஒரு மொழியில் பழுத்தால் மற்ற மொழிக்குத் தாண்டும்.

ஆனால் 'தமிழில் கதைக்கிறோம்' என்று சொல்லிக்கொண்டு 'சாப்பிட்டியா, குளிச்சியா, ஃபோனை வை' என்பதோடு நிற்கிற வீடுகளும் உண்டு. அதனாலும் படிப்புக்குப் பலனில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது 'ஏன்', 'எப்படித் தெரியும்', 'அப்படி இல்லாவிட்டால்' என்ற கேள்விகள் வரவேண்டும். தலைப்பு எதுவாகவும் இருக்கலாம். டாஸ் வென்ற கேப்டன் ஏன் பந்துவீச்சைத் தெரிவு செய்தார்? இந்த மாதம் கரண்ட் பில் ஏன் கூடியது? அப்ப மாவு ஏன் புளிக்கவேண்டும், குளிர்காலத்தில் ஏன் புளிக்கமாட்டேன் என்கிறது? இடையிடையே ஆங்கிலச் சொல் விழட்டும், அதைத் திருத்திக்கொண்டிருந்தால் பிள்ளை கதையையே நிறுத்திவிடும். தாத்தா முகம் சுளிப்பார், பரவாயில்லை.

இன்னொரு பழக்கம்: அடுத்த வாரம் வகுப்பில் என்ன பாடம் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முன்பே தமிழில் அதைப் பற்றி ஒருமுறை கதைத்துவிடுங்கள். யூதர் அழிப்பு வரப்போகிறதென்றால், 'மக்களை ஏன் பட்டியல் எடுத்தார்கள்?' என்று தொடங்கலாம். எரிமலை என்றால் ஒரு வீடியோவைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டுத் தமிழில் வர்ணிக்கச் சொல்லலாம். பிறகு வகுப்பில் ஆசிரியரின் ஆங்கிலம் தெரிந்த விஷயத்தின் மேல் வந்து உட்காரும்.

சொற்கள்: நடுவில் இருப்பவைதான் வில்லங்கம்

'ஃபோட்டோசிந்தசிஸ்' போன்ற கலைச்சொற்களைப் பள்ளியே படிப்பிக்கும், பலகையில் எழுதும், சோதனை வைக்கும். வீட்டுச் சொற்கள் ஏற்கெனவே தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு கூட்டம் இருக்கிறது: 'சஜெஸ்ட்', 'இம்ப்ளை', 'சிக்னிஃபிகன்ட்', 'டிக்லைன்', 'ஃபாக்டர்'. எல்லாப் பாடத்திலும் வரும், எந்தப் பாடத்திலும் யாரும் விளக்கமாட்டார்கள். எல்லாருக்கும் தெரியும் என்று நினைப்பு.

அதைவிட மோசமானவை, தெரிந்த சொல் வேறு வேடத்தில் வருவது. 7க்கும் 12க்கும் 'டிஃபரன்ஸ்' என்ன என்று கேட்டால் 'ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை' என்று பிள்ளை சொல்லும். பிழையில்லாத பதில், ஆனால் புள்ளி 5 என்ற விடைக்குத்தான். 'வொல்யூம்' டிவியில் சத்தம், கணக்கில் கனவளவு. 'டேபிள்' சாப்பிடும் இடம், விஞ்ஞானத்தில் அட்டவணை. 'பவர்' மின்சாரம், கணக்கில் அடுக்கு, வரலாற்றில் அதிகாரம். 'மீன்' என்றால் கூடாத குணம், அர்த்தப்படுதல், சராசரி (நம் வீட்டில் குழம்பிலும் வரும்).

சின்னக் கொப்பி ஒன்றில் இப்படியான சொற்களைப் பாடவாரியாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். தமிழ் அர்த்தம், அது வந்த முழு வசனம், பிள்ளை சொந்தமாக எழுதிய ஒரு வசனம். வாரத்துக்கு ஐந்து சொல் போதும். அகராதியைப் பார்த்து ஐம்பது சொல் பாடமாக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த வாரம் ஒன்றும் நிற்காது.

கதைப்பதிலிருந்து எழுத்துக்கு

இதுதான் நடுநாயகமான வேலை, இதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஓர் உதாரணத்தை முழுதாகவே காட்டுகிறேன். கேள்வி: ஈரத் துணி வெயிலிலும் காற்றிலும் சீக்கிரம் காய்வது ஏன் என்று விளக்குக. பிள்ளை எழுதியது, தமிழில் சொன்னால், இப்படி இருக்கும்: 'வெயில் சூடு, அதால தண்ணி போயிடும், பிறகு துணி காஞ்சிடும்.' பிழை ஒன்றுமில்லை. புள்ளியும் பெரிதாக இல்லை.

பேனாவை வைக்கச் சொல்லிவிட்டுக் கதையுங்கள். 'தண்ணி எங்கே போகுது?' மேலே, காற்றுக்குள்ளே. 'எல்லாத் தண்ணியும் ஒரேயடியாகவா போகும்?' இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. 'எது முதலில் போகும்?' வேகமாக அசைகிற துணிக்கை. 'அதுக்கு வேகம் எங்கிருந்து வந்தது?' வெயிலிலிருந்து. 'நிழலில் போட்டால் காயாதா?' காயும், மெதுவாக. 'காற்று என்ன செய்யுது?' மேலே நிற்கிற ஆவியைத் தள்ளிக்கொண்டு போகும். பாருங்கள், பிள்ளைக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லாமல் இருந்தது.

இப்போது மூன்று நாலு பாடச் சொற்களை ஒரு துண்டில் எழுதுங்கள்: 'பார்ட்டிக்கிள்', 'எனர்ஜி', 'சர்ஃபஸ்', 'இவாப்பொரேஷன்'. இதே கதையை அந்தச் சொற்களை வைத்து ஆங்கிலத்தில் வாயால் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறும், காத்திருங்கள். அதன்பிறகுதான் எழுத்து. வந்து சேரவேண்டிய இடம் தமிழில் இப்படி: 'சூரிய வெப்பத்திலிருந்து நீர்த் துணிக்கைகள் சக்தியைப் பெறுகின்றன. போதிய சக்தி பெற்ற துணிக்கைகள் மேற்பரப்பை விட்டு வெளியேறுகின்றன. காற்று ஆவியை அகற்றுவதால் ஆவியாதல் விரைவடைகிறது.'

இரண்டையும் பக்கத்தில் வைத்து என்ன மாறியது என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முதலாவதில் வெயிலும் தண்ணியும் ஓடித் திரிகின்றன. இரண்டாவதில் 'ஆவியாதல்' என்று ஒரு செயலே பெயராக மாறி, வசனத்தின் எழுவாயாக உட்கார்ந்துவிட்டது. பாட ஆங்கிலம் முழுவதும் இந்த வித்தைதான்: காய்ந்தது என்பது காய்தல் ஆகும், மன்னன் செத்தான் என்பது மன்னனின் மரணம் ஆகும், பிறகு அந்த மரணம் ஒரு போரை உண்டாக்கும். ஒன்பதாம் ஆண்டு வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பத்து கிடைக்கும். பெற்றோருக்கு ஆங்கில இலக்கணம் தெரியவேண்டும் என்றில்லை. தமிழில் இதைச் செய்து காட்டினால் பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும்.

சின்னச் சொற்களைப் பற்றியும் சொல்லவேண்டும். பதினாறு வயதை ஒட்டிய இருமொழி மாணவர்களின் எழுத்தை ஆராய்ந்து பள்ளி மேற்பார்வை அமைப்பான ஒஃப்ஸ்டெட் 2003இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடினமான சொற்களைவிட 'மேக்', 'டூ', 'புட்' போன்ற சிறு வினைகளிலும், 'இன்', 'ஒன்', 'அட்' போன்ற முன்னிடைச் சொற்களிலும், 'த' போன்ற சுட்டுகளிலும்தான் இவர்கள் அதிகம் இடறினார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இதில் சொந்தக் காரணங்களும் உண்டு. மேசையில், பையில், சந்தியில் என்று நாம் ஒரே 'இல்'லை வைத்து ஒப்பேற்றும் இடத்தில் ஆங்கிலத்துக்கு 'ஒன்', 'இன்', 'அட்' என்று மூன்று வேண்டும். பெரிய மழை 'பிக் ரெயின்' ஆகிவிடும், அங்கே 'ஹெவி' வேண்டும். பிழை 'டூ' பண்ணப்படும், அங்கே 'மேக்' வேண்டும். விதி சொல்லி இவற்றைத் திருத்த முடியாது. சோடி சோடியாகக் கேட்டுப் பழகவேண்டியவை.

திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் எடுங்கள். இந்த வாரம் 'த', அடுத்த வாரம் இறந்தகால விகுதி. பக்கம் முழுக்கச் சிவப்பாக்கினால் பிள்ளை அடுத்த முறை சின்னச் சின்ன வசனமாக, பாதுகாப்பாக எழுதும். பிழை குறையும், எழுத்தும் குறையும்.

பரீட்சைக் கேள்வியின் முதல் சொல்

ஜி.சி.எஸ்.இ. தாளில் 'டிஸ்க்ரைப்' என்றால் என்ன நடந்தது, என்ன தெரிகிறது என்று சொன்னால் போதும். 'எக்ஸ்ப்ளெய்ன்' என்றால் காரணம் வேண்டும். 'கம்பேர்' என்றால் ஒன்றை மட்டும் எழுதாமல் இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லவேண்டும். 'இவல்யுவேட்' என்றால் நன்மை தீமை பார்த்து ஒரு தீர்ப்பும் சொல்லவேண்டும். நன்றாகப் படித்த பிள்ளை 'எக்ஸ்ப்ளெய்ன்' கேள்விக்கு 'டிஸ்க்ரைப்' பதிலை அரைப் பக்கம் எழுதிவிட்டு வருவது சாதாரணம். பழைய தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதில் எழுதாமலே, முதல் சொல்லையும் புள்ளியையும் மட்டும் பார்த்து 'இதற்கு என்ன செய்யச் சொல்கிறான்?' என்று பத்துக் கேள்விக்குச் சொல்லவிடுங்கள்.

டியூஷனைப் பற்றி ஒரு வரி. நம்மவர்கள் அதற்குச் செலவழிக்கும் காசு கொஞ்சநஞ்சமில்லை. கணக்குத் தாள் கட்டுக்கட்டாகச் செய்ய வைக்கும் இடங்கள் வேகத்தைத் தரும், மொழியைத் தராது. பணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: 'பிள்ளை இங்கே வாரத்துக்கு எவ்வளவு எழுதும், அதை யார் வாசித்துத் திருத்துவார்?'

வாசிப்பு

நூலகம் இலவசம், கோடை விடுமுறையில் ஆறு புத்தகம் வாசிக்கும் போட்டியும் நடக்கும். கதைப் புத்தகத்தோடு நில்லாமல் வாரத்துக்கு ஒரு செய்திக் கட்டுரையாவது பிள்ளை வாசிக்கட்டும். பதினொரு வயதுக்குப் பிறகு பாடங்கள் கதை சொல்வதை நிறுத்திவிடும்.

வகுப்பறை உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

உங்களிடம் பெரும்பாலும் புதிதாக வந்த பிள்ளையைத்தான் தருவார்கள். கண்ணை மற்ற மேசைகளிலும் வையுங்கள். தலையாட்டுகிற, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிற, சுருக்கமாக, சரியாக, பாதுகாப்பாகப் பதில் சொல்கிற பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். 'விளங்கிச்சா?' என்று கேட்காதீர்கள், 'ஓம்' என்றுதான் வரும். 'இனி என்ன செய்யப்போறீங்கள்?' என்று கேளுங்கள். தமிழ்ப் பிள்ளையோடு தமிழில் பாடம் கதைக்கலாமா என்று ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டு வைத்துவிடுங்கள். பல ஆசிரியர்கள் சந்தோஷப்படுவார்கள். சில பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு எல்லார் முன்னாலும் தமிழில் கதைக்கக் கூச்சம். அதை மதியுங்கள்.

தவறவிடக்கூடாத நேரங்கள்

ஆறாம் ஆண்டு மே மாதத்தில் தேசியச் சோதனைகள். 80 முதல் 120 வரையான அளவுகோலில் 100 என்பது எதிர்பார்க்கப்படும் மட்டம். வாசிப்பும் கணக்கும் தாளில் நடக்கும், கட்டுரை எழுத்தை ஆசிரியரே மதிப்பிடுவார். ஏழாம் ஆண்டில் புதுப் பள்ளி இந்த எண்களைப் பார்த்துக் குழு பிரிக்கலாம். வாசிப்பில் குறைந்த புள்ளி வந்ததால் விஞ்ஞானத்திலும் கீழ்க் குழுவில் போட்டிருக்கிறார்களா என்று முதல் தவணையிலேயே விசாரியுங்கள்.

அதைவிடப் பெரியது பத்தாம், பதினோராம் ஆண்டில் வரும். ஜி.சி.எஸ்.இ. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் தாள் இரண்டு வகை. கீழ்த் தாளில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் தரம் 5க்கு மேல் கிடைக்காது. உச்சத் தரமான 9 வரை போக மேல் தாள் எழுதவேண்டும். ஜி.சி.எஸ்.இ.க்குப் பிறகு ஏ லெவலில் கணக்கோ விஞ்ஞானமோ படிக்க நினைக்கும் பிள்ளைக்கு 5 பெரும்பாலும் போதாது. கணக்கு விளங்கி, வசனக் கணக்கில் மட்டும் புள்ளி விடும் பிள்ளையைக் கீழ்த் தாளுக்கு அனுப்பப் பார்க்கலாம். பத்தாம் ஆண்டு முடிவதற்குள் கேளுங்கள்: எந்தத் தாள், யார் முடிவெடுப்பது, எப்போது முடிவெடுப்பது, மாற்றவேண்டுமென்றால் பிள்ளை என்ன காட்டவேண்டும். சந்திப்பு முடிந்த அன்றைக்கே, சொன்ன பதிலை இரண்டு வரியில் மின்னஞ்சலாக எழுதி ஆசிரியருக்கும் துறைத் தலைவருக்கும் அனுப்பிவிடுங்கள். அடுத்த தவணை ஆசிரியர் மாறினாலும் அது பதிவில் இருக்கும்.